யார் முறை என்று கேட்காத சமக்குறி

போன புதன்கிழமை காலை எங்கள் வாய்க்காலில் இருபத்திரண்டு மண்வெட்டிகள் இறங்கின. எல்லாருக்கும் அன்றைக்குத்தான் தண்ணீர் முறையாம். போனில் அப்படித்தான் காட்டியதாம். காட்ட வைத்த அறிவாளி... நான்தான்.

உத்தமபாளையம் பக்கம் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் வயலுக்குத் தண்ணீர். யார் முறை என்பதை, மடைகளைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி வாயால் சொன்னால் போதாதா? போதாது என்றேன் — அப்போதுதான் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து முடித்திருந்தேன். பெயரைத் தட்டினால் 'உங்கள் முறை' அல்லது 'இல்லை' என்று காட்டும் ஒரு வெப் பக்கம் செய்தேன்.

பிஎச்பி கறாரான மொழி. கட்டளை முடிந்தால் அரைப்புள்ளி வேண்டும். மறந்தால் உடனே திட்டும். அதிலெல்லாம் தேறிவிட்டேன்... கவிழ்த்தது சமக்குறி. ஒன்று போட்டால் 'இப்படி வைத்துக்கொள்' என்று உத்தரவு. இரண்டு போட்டால் 'இப்படியா இருக்கிறது?' என்று கேள்வி. கேட்க வேண்டிய இடத்தில் நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். இதற்கு அது திட்டவே இல்லை. யார் பெயரைத் தட்டினாலும் அவரையே முறைக்காரர் ஆக்கிவிட்டது.

உண்மையில் அன்று கடைமடை சவரிமுத்து அண்ணனின் முறை. பால் பிடிக்கிற பயிர் வாடிக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்த முறைக்கு எட்டு நாள். அதுவரை தாங்காது.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, பெறகென்ன?" என்றார் முதல் மடைக்காரர். முறை வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பவர் அவர்.

அண்ணன் வரப்பிலேயே நடந்து என்னிடம் வந்தார். "மேல இருக்கவுக பூராம் தெறந்துட்டாக தம்பி. இன்னிக்கு யாரு மொறைன்னு அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லு."

அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டேன். போனிலேயே இன்னொரு சமக்குறியைச் சேர்த்தேன். நீர்ப்பாய்ச்சி மற்ற மடைகளை அடைத்தார். மதியத்துக்குள் கடைமடைக்குத் தண்ணீர் போய்விட்டது.

நம் ஆட்கள் எதற்கும் கேள்வி கேட்பவர்கள். தனக்குச் சாதகமான பதில் வந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை. மறுநாள் ஐந்து பேர் தனித்தனியாக போன் செய்தார்கள். "சரி பண்ணிட்டீகளாமே, நல்லது. ஏம் பேருக்கு மட்டும் பழையபடி இருக்கட்டுமே?"

எல்லாரையும் சொல்லியாயிற்று. அந்த இருபத்திரண்டாவது மண்வெட்டி யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லையே... என்னுடையதுதான்.