ரத்தத்தில் வெளுத்த அங்கி

எங்கள் சபையில் பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வேதப் பரீட்சை நடக்கும். எழுதத் தெரிந்தவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். தெரியாதவர்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்சு. அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை. உட்காரவும் மாட்டேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கச் சொன்ன கிளார்க்கிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நேரமாகும். ஆகட்டும்.

போன வருடப் பரீட்சையில் நான் தேறவில்லை. பாதித் தாள் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த வருடமும் தேறாவிட்டால் அந்த ஓரப் பெஞ்சுக்கு மாற்றிவிடுவதாகப் பாஸ்டரம்மா சொன்னார். எங்களுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர்தான், என் மகள் வயது. என் கஷ்டத்தைப் பார்த்து, நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தியாக வந்தது.

இந்த வருடப் பாடம் வேதத்தின் கடைசிப் புத்தகம். அதில் ஒன்றும் சொன்னபடி இருக்காது. குத்துவிளக்கு என்றால் விளக்கில்லை, சபை. நட்சத்திரம் என்றால் தூதன். ஆட்டுக்குட்டி என்றால் ஆண்டவர். தண்ணீர் என்றால் ஜனக்கூட்டம். “எல்லாம் அடையாளம்மா. எதுக்கு எதுன்னு மனப்பாடம் பண்ணிடுங்க, போதும்” என்றார் பாஸ்டரம்மா.

கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலைதான் எங்கள் ஊர். என் பக்கத்து வீட்டுக்காரி, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி விற்கிறவள். அவள் சுக்கு இடிக்க, நான் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். ஏழு தலை மிருகம் கடலிலிருந்து ஏறி வந்த அன்றைக்கு அவள் உலக்கையை நிறுத்திவிட்டாள்.

“இன்னாக்கா, எங்க முருகனுக்கே ஆறு தலைதான். உங்களுக்கு ஒண்ணு ஜாஸ்தியா?”

“அது சாமி இல்லடி. எதிரி.”

“எதிரிக்கா இத்தினி தலை! ஒரு தலை வெச்சிருக்கிற என் மாமியாரையே என்னால சமாளிக்க முடியல.”

சிரித்து முடித்து மறுபடியும் படித்தேன். எல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒரே ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் நிற்கிறது. அந்த அங்கிகளை ஆட்டுக்குட்டியின் ரத்தத்தில் துவைத்து வெளுத்தார்களாம்.

ரத்தக்கறை எனக்குத் தெரியாததில்லை. வார்டுத் துணியை உடனே பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், உப்பைத் தூவிக் கையால் கசக்க வேண்டும். வெந்நீர் பட்டால் போச்சு, கறை அப்படியே நின்றுவிடும். எத்தனையோ வருடம் கசக்கியிருக்கிறேன். ரத்தம் துணியைக் கெடுத்துத்தான் பார்த்திருக்கிறேன், வெளுத்துப் பார்த்ததில்லை.

பாஸ்டரம்மாவிடம் கேட்டேன்.

“மீட்புன்னு எழுதுங்கம்மா. ஒரே வார்த்தை. மார்க் விழும்.”

“மார்க் விழும். எனக்கு விளங்கலையே.”

“விளங்கலன்னா இன்னா, நம்புங்க.”

“நம்பறதுக்கு நான் எப்பவோ நம்பிட்டேன். என் கையால எழுதணும்னா விளங்கணும்.”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டதால் எங்கள் பக்கம் பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை. மலை சுற்றும் கூட்டத்தோடு சேர்ந்து டவுனில் இருக்கும் சபைக்கு நடந்தேன். தண்ணீர் என்றால் ஜனம் என்பது அன்றைக்குத் தானாக விளங்கியது. கூட வந்த ஒருவர், “மெதுவா வாங்கம்மா, சாமி எங்கியும் போயிடாது” என்றார். “சாமி போகாது, பரீட்சை போயிடும்” என்று சொல்லி எட்டி நடந்தேன்.

தாளை வாங்கி விளக்கு, நட்சத்திரம், மிருகம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்வி வந்தது. அங்கிகள் ரத்தத்தில் வெளுத்ததன் பொருள் என்ன? ‘மீ’ என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. விளங்காத ஒன்றை எழுதுவதென்றால், அன்றைக்கே கைநாட்டு வைத்திருக்கலாமே. எழுதியதை அடித்தேன்.

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது வார்டு ஞாபகம் வந்தது. பிள்ளை பிறந்ததும் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுப்பார்கள். பூ மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் கட்டிலில் பெற்றவள் ரத்தத்தில் கிடப்பாள். நான் கறையை மட்டும்தான் பார்த்துக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கையில் இருந்த வெள்ளைத் துணியும் அந்த ரத்தத்தால் வந்ததுதானே? அவள் சிந்தாமல் இது ஏது?

அதை எழுதினேன். ‘பெற்றவள் ரத்தம் சிந்தினாள். பிள்ளை வெள்ளைத் துணியில் படுத்தது. ஆண்டவரும் எனக்கு அப்படிச் செய்தார்.’ ஒவ்வோர் எழுத்தாக வைத்து முடித்தபோது மணி அடித்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த கேள்விகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

தேறவில்லை. அடுத்த வாரம் பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்த ஒண்ணை விட்டுட்டு மேல போயிருந்தா பாஸ் ஆயிருப்பீங்கம்மா. அடுத்த வருஷம் வாயால சொல்லிடுங்க. கோச்சுக்காதீங்க.”

“கேள்வித்தாள் ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தேன்.

அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து, விட்டுப்போன கேள்விகளுக்கெல்லாம் எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “பரீட்சைதான் முடிஞ்சிடுச்சேக்கா?” என்றாள். “அவங்களுக்கு முடிஞ்சிடுச்சு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதைப் பாஸ்டரம்மா கையில் கொடுத்தேன்.

“இதுக்கு மார்க் போட முடியாதேம்மா.”

“மார்க் யாரு கேட்டாங்க? எனக்கு நேரம்தான் கம்மியாச்சு, எழுத்து கம்மியாகல. பாத்துக்கோங்க.”

நின்றபடியே கடைசிவரை படித்தார். படித்துவிட்டு, “அடுத்த வருஷம் சீக்கிரமா வந்துடுங்க. மத்தவங்களுக்கு முன்னாடியே உங்க தாளைக் குடுத்துடறேன்” என்றார்.

எந்தப் பெஞ்சு என்று கேட்டேன்.

“எழுதறவங்க பெஞ்சுதாம்மா.”

“அப்ப காலையிலயே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.