கிரகணம் விடும் நேரம்

கிறிஸ்துமஸ் நண்பகல். கடல் கடந்து, கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ரெஜினாவின் சமையலறையில் நிற்கிறேன். மன்னாரிலிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். தேவாலயத்தில் பூசை முடிந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். நாளை இங்குள்ள தமிழர் மண்டபத்தில் குப்தர் கால வானியல் பற்றிப் பேசத்தான் மதுரையிலிருந்து வந்து இவர் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

வெளியே சூரிய கிரகணம். நாளைய பேச்சுக்கான குறிப்புத்தாளில் ஊசியால் துளையிட்டு ஜன்னலில் பிடிக்கிறேன். எதிர்ச்சுவரில் பிறை வடிவில் சூரியன் விழுகிறது.

"ராகுவும் இல்லை, பாம்பும் இல்லை. நிலாதான் மறைக்குதுன்னு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க கணக்குப் போட்டுட்டாங்கம்மா!" என்று முழங்குகிறேன்.

"அப்பிடியே? சரி, இருங்கோ அண்ணை, சாப்பிடுவம்."

புட்டிலும் ஆட்டிறைச்சிக் கறியிலும் ஆவி பறக்கிறது. தட்டுக்கு மேலே என் கை நின்றுவிடுகிறது. இறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது.

"பசியில்லைம்மா" என்கிறேன்.

ரெஜினா சுவரைப் பார்க்கிறார், பிறகு என் கையை. சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், கறிச்சட்டியை மூடிவிட்டு எதிரே உட்காருகிறார்.

"பரவாயில்லை அண்ணை, பேந்து சேந்தே சாப்பிடுவம். எத்தினை மணிக்கு விடும்?"

துளை விழுந்த தாளின் ஓரத்தில் நானே கணித்து எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சொல்கிறேன்: "ரெண்டேகாலுக்கு."