அண்ணி வைத்த ஒத்திகை

என் அண்ணி வேலை செய்யும் இடம், மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் கிடங்கு. எந்த அலமாரியில் எந்த மருந்து, எந்தக் கடை என்ன கேட்டது, எது காலாவதியாகப் போகிறது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய அட்டவணைகளாக ஒரு டேட்டாபேஸில் கிடக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்பவர் அண்ணி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்ற கெத்தோடு அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தவன் நான்.

அதைச் சுமந்து மாடிப்படிக்குக் கீழே முனகிக்கொண்டிருந்த சர்வருக்கு வயதாகிவிட்டது. இணையம் வழியே வேறு நிறுவனத்தின் கணினிகளில் இடம் பிடிக்கும் கிளவுடுக்குப் போவது என்று முடிவாயிற்று. எப்படிப் போவது என்பதில்தான் இழுபறி. வெறும் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, டேட்டாபேஸை நாமே நிறுவிப் பராமரிக்கலாம். அல்லது நகலெடுத்து வைக்கும் பேக்கப், பழுது எல்லாவற்றையும் கிளவுட் நிறுவனமே கவனித்துக்கொள்ளும் சேவையை எடுக்கலாம். அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவ விடுப்பில் அவர் நிம்மதியாக இருப்பாரா, கைக்குழந்தையோடு சர்வரையும் கட்டிக்கொண்டு அழுவாரா என்பது இந்த முடிவில்தான் இருந்தது.

முதலாளிக்கு முதல் வழிதான் பிடித்தது. "நம்ம கையில இருந்தா நம்ம இஷ்டம். நீதான் இருக்கியேம்மா."

"நான் இருக்க மாட்டேன் சார். அதான் பேச்சே."

"வேணும்னா இங்கயே ஒரு தொட்டில் கட்டிடலாம்."

"கட்டலாம். நீங்க ஆட்டுறதா இருந்தா."

உள்ளுக்குள் நானும் முதலாளி கட்சிதான். எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டால், நான் படித்தது எதற்கு? அண்ணியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அண்ணி வாதாடவில்லை. இரண்டு வழியிலும் ஒவ்வொரு மாதிரி அமைத்தார். முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டிலும் ஆர்டர் அட்டவணையை வேண்டுமென்றே அழித்தார்.

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு நெனச்சுக்கோ தம்பி. வாயத் தெறக்க மாட்டேன். மீட்டுக் காட்டு."

வாடகைக் கணினியில் முந்தைய இரவின் பேக்கப் சரியாகவே வந்தது. காலையில் வந்த ஆர்டர்களுக்காக, அதன்பின் நடந்த மாற்றங்களின் பதிவை ஓட்டினேன். எங்கே நிறுத்துவது என்று சொல்ல மறந்துவிட்டேன். அழித்த நிமிடமும் சேர்ந்து ஓடியது. மீண்ட அட்டவணை என் கண் முன்னாலேயே மறுபடியும் காணாமல் போனது.

"ரெண்டு தடவ அழிக்கவா டிகிரி வாங்கின?" என்றார் முதலாளி. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

சேவையில், அழிப்பதற்கு முந்தைய நிமிடத்தைக் குறித்துக் கொடுத்தேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மீண்டிருந்தது. ஆனால் ஆர்டர்களைத் திரையில் காட்டும் எங்கள் மென்பொருளில் ஒரு ஆர்டரும் இல்லை. மீட்ட டேட்டாபேஸ் புது முகவரியில் எழுந்திருக்கிறது, மென்பொருளோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது என்று சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. முகவரியை மாற்றினேன். ஆர்டர்கள் வரிசையாக வந்து நின்றன. சேவைக்கே முதலாளி தலையாட்டினார்.

ஆனால் சேவைக்குப் போனால் ஒன்றை விட வேண்டியிருந்தது. மருந்துப் பெயரைத் தப்பும் தவறுமாக அடித்தாலும் கண்டுபிடிக்கும் தேடல் ஒன்றை அண்ணியே எழுதி டேட்டாபேஸுக்குள் பொருத்தியிருந்தார். அப்படிச் சொந்தமாக எதையும் உள்ளே பொருத்த அந்தச் சேவை விடாது.

"வருத்தமா இல்லையா அண்ணி?"

"இருக்கு. அதுக்காக அதயே இடுப்புல தூக்கிட்டுத் திரிய முடியுமா? இடுப்புக்கு வேற ஆள் வருது. நீ அத நம்ம மென்பொருள்ல எழுதிப் பாரு. டேட்டாபேஸ்லதான் இருக்கணும்னு என்ன?"

எழுதத் தொடங்கினேன். அண்ணி எழுதியதைப் படிக்கவே பல நாள் பிடித்தது. படித்தது எதற்கு என்ற கேள்விக்கு இது பதிலா, தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் அந்தக் கேள்வி என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஒரு மதியம் திரை உறைந்துவிட்டது. பதறிப்போய் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அண்ணன் எடுத்தான்.

"ரெண்டு பேரும் இப்பதான் கண்ணசந்தாங்க. எழுப்பட்டுமா?"

அதற்குள் சேவை தன் மாற்றுக் கணினிக்குத் தானே தாவிவிட்டிருந்தது. ஆர்டர்கள் மீண்டும் நகரத் தொடங்கின.

"வேணாம்ணா," என்றேன். "தூங்கட்டும்."