அண்ணி சேர்த்த ஃபிளாக்

என் அண்ணி பகலில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறார். மீதி நேரத்தில் ஒரு நிரல் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். நூலகம் என்றால் புத்தகம் இல்லை. சென்சார்கள் அனுப்பும் அளவுகளைப் படித்துச் சொல்லும் சின்ன நிரல்களின் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார்கள் என்று அண்ணிக்கே தெரியாது. முகம் தெரியாத ஆட்களுக்காக மாரடிக்கிறாள் என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

ஆனால் அவரும் எடுத்தவர்தான். அவர் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் பாய்லர் மெக்கானிக். பாய்லர் அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கூடினால் ஊதும் கருவியை ஒரு பழைய கணினியில் அமைத்திருந்தார். உள்ளே ஓடுவது அண்ணியின் நூலகம். சென்சார் கம்பி அறுந்தாலும் அது ஊதியாக வேண்டும். இல்லையென்றால் செத்துப்போன சென்சாரை நம்பி ஆட்கள் உள்ளே வேலை செய்வார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். எப்படி மாற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புகள் ஃபிளாக். நூலகம் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று யாரோ புலம்பியதால், அண்ணி 'ஃபாஸ்ட் மேத்' என்ற ஃபிளாக்கைச் சேர்த்தார். சோதனைகள் எல்லாம் தேறின. புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அண்ணி மெயிலைப் பார்த்தார். எழுதியவர் தாடிக்காரர். மெயிலில் வைத்திருக்கும் படத்தில் தாடியைத் தவிர எதுவும் தெரியாததால் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் யாராவது நூலகத்தைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். தாடிக்காரர் அப்படி ஒரு வகைக்குத் தொகுப்பவர். சென்சாரிலிருந்து எண்ணே வராதபோதும் நூலகம் 'எல்லாம் சரி' என்று சொல்கிறது என எழுதியிருந்தார்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். அந்த ஃபிளாக் கணக்கை வேகமாக்குவதற்காக, வருவதெல்லாம் ஒழுங்கான எண்தான் என்று கம்பைலரை நம்ப வைக்கிறது. அதனால் 'எண் வரவில்லையா?' என்று கேட்கும் வரியைக் கம்பைலர் வேண்டாத வரி என்று தூக்கிவிடுகிறது. சோதனையில் ஏன் தெரியவில்லை? வேறு யாரும் ஃபிளாக் கொடுக்காவிட்டால் மட்டும் இதைப் பயன்படுத்து என்றுதான் அண்ணி எழுதியிருந்தார். அண்ணியின் கணினியில் இருக்கும் லினக்ஸ் தன் சொந்த ஃபிளாக்குகளைக் கொடுத்து, இவருடையதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருந்தது. தாடிக்காரர் வகை எதுவும் கொடுக்காததால் அங்கே அண்ணியின் ஃபிளாக் வேலை செய்தது. தான் வெளியிட்டதை அவர் சோதிக்கவே இல்லை.

பாய்லர் அறைக் கணினியில் இருப்பது தாடிக்காரர் வகை. அதை முந்தாநாள்தான் புதுப்பித்ததாக அண்ணன் சாப்பிடும்போது சொல்லியிருந்தார்.

அண்ணி போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அண்ணனின் போன் லாக்கரில் இருக்கும். அலுவலக எண்ணை யாரும் எடுக்கவில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, வெங்காயக் கையோடு சலவைக்கூடத்துக்கு ஓடினார். மிச்சத்தை அவர்கள் இருவரும் சொல்லித்தான் நான் எழுதுகிறேன்.

வாசலில் காவலாளி, "வீட்டுக்காரரைப் பார்க்க இவ்வளவு அவசரமா, தங்கச்சி?" என்று சிரித்தாராம். அண்ணி நிற்காமல் உள்ளே போனார்.

பாய்லர் அறையில் அண்ணனோடு இரண்டு பேர் குழாய் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

"என்னம்மா, குழம்புக்கு உப்பு பார்க்கக் கூப்பிட வந்தியா?"

"அந்த சென்சார் கம்பியக் கழட்டுங்க."

"கழட்டினா ஊதும். காது கிழிஞ்சிடும்."

"ஊதாதுங்க. கழட்டிப் பாருங்க."

அந்த இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் கம்பியை உருவினார். எந்தச் சத்தமும் இல்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கம்பியைச் செருகி, மறுபடி உருவினார். பிறகு, "எல்லாரும் வெளிய வாங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி அண்ணி கேட்டதே இல்லையாம்.

பர்னரை அணைத்து, கையில் பிடிக்கும் மீட்டரால் அளந்தார்கள். காற்று சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றே அந்த ஃபிளாக்கை நீக்கினார். இனி அதைப் போட்டு யார் தொகுக்க முயன்றாலும் கம்பைலர் பாதியில் நிற்கும்படி ஒரு வரி சேர்த்தார். தொகுப்பவர்கள் எல்லோருக்கும் எழுதினார். தாடிக்காரர் உடனே மாற்றினார். மற்றவர்களும் மாற்றினார்கள், ஒருவரைத் தவிர.

"நம்ம இடத்துல சரியாயிடுச்சுல்ல, விடும்மா" என்றார் அண்ணன்.

"நம்ம இடத்துல யாரு நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். மத்த இடத்துல?"

 மாற்றாத அந்த ஒரு தொகுப்பாளரைத் தேடி அண்ணி எல்லா இணையக் குழுக்களிலும் கேட்டுவிட்டார். அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். அந்த லினக்ஸ் வகைக்கு எப்படித் தொகுப்பது என்று அண்ணியே உட்கார்ந்து கற்று, திருத்திய பதிப்பை அனுப்பியிருக்கிறார். அங்கே யாராவது பார்த்து அனுமதிக்க வேண்டும். இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதுவரை அங்கே ஆட்கள் இறக்கிக்கொண்டிருப்பது அந்த ஃபிளாக் உள்ள பதிப்பைத்தான்.