பூமயில் மதினியும் பெயர் தெரியாத ஒருத்தியும்

முறை என்று எதுவும் இல்லை. சொந்தம் இல்லை, ஒரே ஊரும் இல்லை. ஆனால் மதினி என்றுதான் கூப்பிட்டேன், கடைசி வரை.

செய்தி ஒரு வேலை உத்தரவாக வந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோயில் திருப்பணிக் குழுச் செயலாளர் அழைத்தார். "மேடம், கல்லு வேலைய இப்போதைக்கு நிப்பாட்டச் சொல்லுங்க. நடு வீட்டுப் பூமயில் இறந்துபோச்சு." கல்லைப் பற்றிய வாக்கியம் முதலில் காதில் விழுந்தது. மற்றது விழ ஒரு நிமிடம் ஆயிற்று. விடியும்போது நெஞ்சுவலி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வண்டியிலேயே. ஐம்பத்தாறு வயது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடும் ஊர். திருப்பாலைக்குடிப் பக்கம் கிணறு உவர்த்துப்போனதால் மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு ஜோடி மாட்டோடு உள்ளே நடந்து வந்தார்களாம். உடைமரக் காட்டை வெட்டினார்கள். கண்மாய்க்குக் கரை போட்டார்கள். மூத்த வீடு, நடு வீடு, இளைய வீடு. இன்று ஊர் முழுக்க அவர்கள் வழி வந்த பங்காளிகள்தான். அய்யனார் கோயில் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒன்றாக மூன்று பானை. ஒரு தாய் மக்கள் என்பதால் இந்த மூன்று வீட்டுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

கும்பாபிஷேகத்துக்குள் இந்தக் கொடிவழியைக் கருங்கல்லில் செதுக்கிவிட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. வரலாறு படித்தவள் என்பதால் என்னைப் பிடித்தார்கள். நான் ஆவணங்களிலிருந்து தொடங்கினேன். பழைய நிலப் பதிவேட்டில் மூன்று பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. மூத்தவருக்கும் இளையவருக்கும் தகப்பன் பெயர் இருந்தது. நடுவில் இருந்தவருக்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது. எழுத்தர் விட்டிருப்பார் என்று நினைத்து நானே நிரப்பிக்கொண்டேன். ஆராய்ச்சி படித்தவள் செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

பூமயிலை முதலில் பார்த்தது மிளகாய்க் களத்தில். குண்டு மிளகாயைக் காயப்போட்டுச் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நடு வீட்டு முனியசாமியின் மனைவி. ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள். நான் "அம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிரவில்லை.

"நான் ஒனக்கு அம்மா இல்ல. மேடம்னும் சொல்லாத, வெயிலா இருக்கு. மதினின்னு கூப்பிடு. மதினின்னாத்தான் கேலி பேசலாம்."

முறை வைக்காமல் அவரால் யாரோடும் பேச முடியாது. அதற்குக் காரணம் இருந்தது. தொண்டிப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், கணவனின் சித்தப்பா ஒருவரைச் சின்ன வயசாக இருக்கிறாரே என்று கொழுந்தன் முறை வைத்துக் கேலி செய்துவிட்டார். களத்து மேடே சிரித்தது. அன்று இரவு, உரக்கடையில் கொடுத்த ஒரு டைரியில் வீடு வீடாக எழுத ஆரம்பித்தார். யாரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும். யார் எதிரில் உட்காரலாம், யார் வந்தால் எழுந்திருக்க வேண்டும். அவர் தொகுத்தது வம்ச வரலாறு அல்ல. வாழ வந்த ஊரில் தப்பிக்க ஒரு வழி. அது முப்பது வருடத்தில் மூன்று டைரியாக வளர்ந்திருந்தது. எல்லாப் பெயரும் இருந்தன, கணவன் பெயர் தவிர. அந்த இடத்தில் "இவுக" என்று எழுதியிருந்தார்.

நான் வரைந்து கொண்டுபோன படத்தைக் களத்தில் விரித்தேன். மேலிருந்து கீழாக மூன்று கோடு, ஆண் பெயர்கள், சுத்தமாக. மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வம்ச மரம்னு சொன்னீயே. இது பனையால்ல இருக்கு. நேரா மேல போகுது, ஒரு கிளையக் காணோம்."

அன்றிலிருந்து பெண்களையும் சேர்த்தோம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வந்தவள் பெயர், பிறந்த ஊர். பிறந்து வெளியே போனவள் பெயர், போன ஊர். காகிதம் போதாமல் ஒட்டினோம். எனக்கு அது திருத்தம். அவருக்கு விளையாட்டு. ஒரு பெயர் கிடைத்தால் கடலை மிட்டாய் கிடைத்த மாதிரி முகம் ஆகும்.

அந்த விளையாட்டில்தான் அவருக்கு ஒரு பழைய சந்தேகம் திரும்பியது.

சாவு வீட்டு வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பங்காளிகள் நீர்மாலை எடுக்கப் போவார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டுவார்கள். கோடித் துணி பங்காளி கொண்டுவர மாட்டான். அது பிறந்த வீட்டார், மாமன் மச்சான் கொண்டுவருவது. ஆனால் மூத்த வீட்டில் சாவு விழுந்தால், நடு வீட்டு ஆண்கள் நீர்மாலைக்குப் போவார்கள். அதே நேரம் நடு வீட்டுப் பெண்கள் தட்டில் ஒரு கோடியும் கொண்டுபோவார்கள். மதினி மருமகளாக வந்த புதிதில் அந்தத் தட்டை மாமியார் அவர் கையில் கொடுத்திருக்கிறார். பங்காளி வீட்டுக்கு எதற்குக் கோடி என்று கேட்டதற்கு, "எங்க மாமியா கொண்டுபோனா, நான் கொண்டுபோறேன், நீயும் கொண்டுபோவ" என்று பதில். ஆனால் பதிலுக்கு மூத்த வீட்டிலிருந்து நடு வீட்டுக்குக் கோடி வந்ததே இல்லை.

டைரியில் அதை எழுதி, அருகே ஒரு புள்ளி வைத்திருந்தார். தெரியாதவற்றுக்கெல்லாம் புள்ளி.

நான் பதிவேட்டில் நிரப்பிக்கொண்ட வெற்றிடத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். கொஞ்சம் வெட்கத்தோடு. அவர் திட்டவில்லை. மிளகாயைப் பொறுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப வந்தது மூணு அண்ணன் தம்பி இல்ல. ரெண்டு பேரு. கூட ஒரு தங்கச்சி. நடு வீட்டுக்காரரு அந்தத் தங்கச்சியக் கட்டுன மாப்பிள்ள."

பிறகு மெதுவாக: "எங்க வீடு பங்காளி வீடு இல்ல. மச்சான் வீடு."

இது நிரூபணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் வேறு எந்த விளக்கத்துக்கும் அந்தக் கோடி அடங்கவில்லை. தனியாகக் கரை போட முடியாதவர்கள் மாப்பிள்ளையையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். நாளாக ஆக அவர் அண்ணன் தம்பியாகவே ஆகியிருக்கலாம். அதற்குத் தடையாக இருந்த ஒரே ஆள் அந்தத் தங்கை. அவள் பெயரை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பெயரைத் தேடி இருவரும் திருப்பாலைக்குடிக்குப் போனோம். மூன்று பேருந்து மாறி. பழைய கிணறு என்று ஒருவர் காட்டிய இடத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போன வேளாண்மைக் குடும்பம் எதையும் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மதினி அங்கிருந்த மீன்காரப் பெண்களிடம் உட்கார்ந்து, அவர்கள் ஊரில் மாப்பிள்ளையின் தம்பியை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று விசாரித்தார். பொரித்த மீன் சாப்பிட்டோம். திரும்பும்போது, ஒன்றும் கிடைக்கவில்லையே என்றேன்.

"கெடைக்கலன்னு தெரிஞ்சுச்சுல்ல. நேத்து அதுவும் தெரியாது."

அந்தப் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டேன். அது பெரிய கேள்வி என்று நினைத்துக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "தெரிஞ்சுக்கணும். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

குழுக் கூட்டம் கோயில் முன் நடந்தது. புதுப் படத்தை நான் விளக்கினேன். முடிக்கவில்லை. நடு வீட்டு ஆண்கள் எழுந்துவிட்டார்கள். பங்காளி இல்லை என்றால் பொங்கல் பானை இல்லை. மச்சான் பானை வைக்க முடியாது, பக்கத்தில் நின்று பார்க்கலாம். கல்லில் செதுக்கிவிட்டால் பிறகு எந்தத் தலைமுறையும் மாற்ற முடியாது. எல்லோரையும் விட அதிகம் கலங்கியவர் முனியசாமி. ஊர் அறிய மனைவியோடு சண்டை போட்டுப் பழகாதவர்.

"எங்க அய்யா வச்ச பானைய எறக்கி வைக்கச் சொல்றியா? ஒன் புருசன் வீட்ட நீயே வந்தேறின்னு எழுதப்போறியா?"

மதினி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். மூத்த வீட்டுச் சேதுராமு எதிரில் இருந்தார். கணவனுக்கு அண்ணன் முறை என்பதால் அவர் இருக்கும் இடத்தில் மதினி வாய் திறந்ததே இல்லை. அன்றும் அவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் வந்தவுகதான். காடு மட்டும்தான் இங்கன இருந்துச்சு. பானைய யாரும் எறக்க வேணாம். நடுப் பானை அவளோடதுன்னு இருக்கட்டும். அவ மக்க நாம பொங்குவோம்."

 இளைய வீட்டில் ஒருவர், இத்தனை காலம் பெண் கொடுக்காமல் இருந்தது வீணா என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். சேதுராமு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதம் முடிவு அந்த வார்த்தையிலேயே நின்றது. அதுவரை கல்லில் கோயிலின் பெயரையும் ஊரின் பெயரையும் மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். முனியசாமி வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டார். மதினி அதையும் கேலியாக்கினார். "இப்பத்தான் எனக்கும் இவுகளுக்கும் சண்ட போடுற மொற வந்திருக்கு."

ஒரு தடவை மட்டும் கேலி இல்லாமல் கேட்டார். "நான் பேசாம இருந்திருக்கலாமோ?"  தெரியவில்லை என்றே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு அந்தக் காலை அழைப்பு.

நான் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள். பிறந்த ஊரிலிருந்து அண்ணன்மார் கோடியோடு வந்திருந்தார்கள். மூன்று வீட்டு ஆண்களும் நீர்மாலைக்குக் குடத்தோடு தயாராக நின்றார்கள். சேதுராமுவுக்காகக் காத்திருந்தார்கள். வயதில் மூத்த பங்காளி, அவர் முன்னால் நடக்க வேண்டும். எல்லோருக்கும் மனதில் அதே கேள்வி இருந்தது என்று நினைக்கிறேன்.  அவர் வந்து குடத்தை எடுத்தால் அந்தப் படம் முடிந்தது. மதினி முப்பது வருடம் வைத்த புள்ளி, புள்ளியாகவே நிற்கும்.

அவர் வந்தார். பின்னால் அவர் மருமகள், கையில் தட்டு. தட்டில் பச்சைக் கரைச் சேலை, வெற்றிலை பாக்கு, பூ. செயலாளர் குடத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் நீர்மாலைக்கு வரல. கோடி கொண்டாந்திருக்கேன்."

 முனியசாமி அவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அண்ணே என்று கூப்பிட்ட மனிதரை. உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு, "வாங்க மச்சான்" என்றார். சொன்னதும் அழுதார். பெண்களில் யாரோ அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். அதை யாரும் தப்பாக எடுக்கவில்லை.

சேதுராமு குனிந்து சேலையைப் போர்த்தினார். கணவனின் மச்சான் என்றால் மனைவிக்கு அண்ணன். முப்பது வருடம் அவர் முகம் பார்த்துப் பேசாத பெண்ணுக்கு, அந்த ஒரு துணியால், அவர் அண்ணனாகியிருந்தார். இதை மதினி கேட்டிருந்தால் உடனே டைரியைத் தேடியிருப்பார். யார் யாருக்கு என்ன மாறும் என்று மூத்த வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார். அழவேண்டிய இடத்தில் நான் அதைத்தான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குற்ற உணர்வோடு. ஆனால் அதுதான் அவருக்குச் செய்த மரியாதை என்று இப்போது தோன்றுகிறது.

டைரிகள் முனியசாமியிடம் இருக்கின்றன. தரமாட்டேன் என்றார், நானும் கேட்கவில்லை. மதினியிடமிருந்து என்னிடம் வந்திருப்பது வேறு. ஒரு வெற்றிடத்தைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்கும் பழக்கம். பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம். யாராவது பெண்களை அறிமுகம் செய்தால் பிறந்த ஊர் எது என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் கொஞ்சம் ஆச்சரியப்படுகிறார்கள். பிறகு நிறையப் பேசுகிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செயலாளர் மறுபடி அழைத்தார். கல்லு வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டாராம் சேதுராமு. நடுப் பானை இருக்கும் இடத்திலேயே இருக்குமாம்.

செவ்வாய்க்கிழமை கல்தச்சரின் பட்டறைக்குப் படத்தைக் கொண்டுபோனேன். உச்சியில் நான்கு கட்டம் என்றேன். மூன்றுக்குத்தான் பெயர் இருக்கிறது என்றார் அவர். நான்காவதன் பெயர் தெரியாது, கட்டத்தை மட்டும் செதுக்குங்கள் என்றேன். எவ்வளவு பெரிசு வேண்டும் என்று கேட்டார். மற்ற மூன்றின் அளவையே குறித்துக் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.