வேப்பிலை சொருகிய கதவு

இந்த ஊரில் உச்சி வெயிலிலும் குடிக்க வெந்நீர்தான் தருகிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில், கல்லூரி விடுதியின் சாப்பாட்டறையில் ஆவி பறக்கும் சீரக வெள்ளத்தைப் பார்த்து, "எனக்கு என்ன காய்ச்சலா?" என்று பரிமாறியவரிடம் கேட்டுவிட்டேன். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் வெந்நீர் நோயாளிக்கு. திடமாக இருப்பவன் ஆற்றுத் தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். பரிமாறிய பரமு சிரிக்கவில்லை. "சூடு வெள்ளம் குடிச்சா தீனம் வராது சார்" என்று பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் பிடிவாதமாகப் பச்சைத் தண்ணீர் கேட்டால் கொடுப்பார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொடுப்பார்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியைத் தாண்டினால் ராஜா வேறு, காசு வேறு, மழை வேறு. வண்டி ஏறினால் ஒரு பகல் பயணந்தானே என்பீர்கள். சுகமாக இருக்கிறவனுக்கு அது ஒரு பகல். படுத்துக் கிடக்கிறவனுக்குக் கடல் தாண்டின தூரம். எனக்கு வேலை கல்லூரியின் ரசாயனக் கூடத்தில், பையன்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டுவது. கல்யாணம் ஆகாதவன் என்பதால் விடுதியிலேயே கடைக்கோடி அறையைத் தந்து, பிள்ளைகளை மேய்க்கிற பொறுப்பையும் தலையில் கட்டினார்கள். வாரம் முழுக்க மலையாளம் கேட்டுக் காது களைத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்கு நடந்து போவேன். அங்கே பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற ஆறுமுகம் அண்ணாச்சி எங்களுக்குத் தூரத்து உறவு. மதினி கையால் ஒரு வாய் புளிக்குழம்புச் சோறு விழுந்தால்தான் அடுத்த வாரத்துக்கு உயிர் வரும்.

அந்த வருஷம் கல்லூரி திறந்து மழையும் பிடித்துக்கொண்ட மாதத்தில் விடுதிக்குள் சுரம் புகுந்தது. முதலில் பரமு படுத்தார். அவர் எழுந்து நடமாடுவதற்குள் ஒவ்வோர் அறையிலும் இருமல் கேட்டது. இன்புளுவென்சா என்றார் டாக்டர். அவர் சொன்னதெல்லாம் எளிய காரியங்கள்தாம், செய்ய வைப்பதுதான் பெரும்பாடு. கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். மழைச்சாரல் அடித்தாலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இருமும்போது துண்டால் வாயைப் பொத்த வேண்டும். சுரக்காரர் தட்டையும் டம்ளரையும் கொதிநீரில் போட வேண்டும். பந்தாட்டம் நின்றது, சங்கக் கூட்டங்கள் நின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சுரம் கண்டவன் அறைக்குள் பணிவிடை செய்கிற ஒருவரைத் தவிர யாரும் நுழையக் கூடாது. இதைத்தான் ஒருவனும் கேட்கவில்லை. சிநேகிதனுக்குச் சுகமில்லை என்றால் கூட்டமாகப் போய்க் கட்டிலிலேயே உட்கார்ந்து கதை பேசினார்கள். நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எச்சரித்துக் கதவில் காகிதம் ஒட்டினால் மழை ஈரத்தில் ஊறி விழுந்துவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சின்ன வயதில் எனக்கு அம்மை வார்த்தபோது என் தாயார் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை சொருகினாள். அவ்வளவுதான். தெருவே அடங்கிப்போனது. வாசல் தாண்டி ஓர் ஆள் வரவில்லை. சத்தம் போட்டு யாரும் பேசவில்லை. இரவலுக்கு வருகிறவர்கள்கூடத் தெருமுக்கிலேயே திரும்பிப் போனார்கள். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத அந்த உத்தரவை மீறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. விடுதித் தலைவரிடம் சொன்னேன். அவர் இந்த ஊர்க்காரர். "ஆரியவேப்பு நல்லதாணல்லோ. காற்றும் சுத்தியாகும்" என்று உடனே சம்மதித்தார். சுரம் கண்ட அறைக் கதவிலெல்லாம் வேப்பங்கொத்து ஏறியது. ஆச்சரியம், பையன்கள் கட்டுப்பட்டார்கள்! இந்தத் தமிழன் மூளையைப் பார்த்தாயா என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே என் கதவிலும் ஒரு கொத்துச் சொருக வேண்டியதாயிற்று.

சுரம் என்றால் அப்படி ஒரு சுரம். எலும்பைக் கழற்றிப் போட்ட மாதிரி வலி, மூச்சு விட்டால் நெஞ்சில் கீறல். குரல் அடியோடு மாறிவிட்டது. சுகமான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரவர் அப்பன்மார் வந்து அழைத்துப் போனார்கள். கடைக்கோடி அறையில் நானும் ஓட்டில் விழுகிற மழையும் மிஞ்சினோம். சுரம் வந்து போனவர் என்பதால் பரமுவைத்தான் எனக்குக் காவல் போட்டிருந்தார்கள். வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு கஞ்சியும் பயறும் கொண்டு வருவார், நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சாப்பாட்டுக்குப் போகாவிட்டால் அண்ணாச்சி தேடி வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். "என்னை யாராவது தேடி வந்தார்களா?" என்று கேட்டேன். "ஆரும் வந்நில்ல சார்" என்றார் பரமு. மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதேதான்.

விடியற்காலையில் சில நாள் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும். என் கதவுக்கு முன்னால் வந்து நிற்கும். "யாரது?" என்று கரகரத்துக் கேட்பேன். பதில் இராது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போகும். விடுதிக் காவல்காரனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பரமு வரும்போது வாசலில் கிடந்த இளநீரை எடுத்துக்கொண்டு, "இது கபத்தைக் கூட்டும். வேண்டா சார்" என்று கொண்டு போய்விடுவார். சுரக்காரர்களுக்கு விடுதி கொடுக்கிற இளநீர் போலும் என்று அதையும் விட்டுவிட்டேன். மனம் மட்டும் விடவில்லை. நோயில் விழுந்தவனை வந்து பார்ப்பது நம் சனங்களுக்குச் சோறு தின்பதைப் போலப் பழகிய காரியம். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கவில்லை என்றால் என்ன உறவு? இங்கே செத்துப்போனால் வாய்க்கரிசி போடக்கூட நம்மவர் ஒருத்தர் வர மாட்டார் என்று நினைத்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்து, இனி என்னால் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் அனுமதித்ததும், நேரே சாலைக்குத்தான் போனேன். தலைக்கு இன்னும் ஒரு வாரம் தண்ணீர் விடாதே என்று அவர் சொல்லியிருந்தார். கடையின் பின்கட்டு வீட்டில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வீம்போடு வாசலிலேயே நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, செத்தானா பொழச்சானான்னு பாக்க ஒரு ஆளு வரப்படாதா?"

அண்ணாச்சி பதறி எழுந்தார். "ஆரு வரல? கடை தொறக்கதுக்கு முன்ன, வெள்ளி முளைக்க, உன் வாசல்ல வந்துல்லாடே நின்னேன்!"

"நின்னா ஒரு குரல் குடுக்கப்படாதா?"

"நல்லாருக்கு போ. வேப்பிலை சொருகி, தாய் வந்து இறங்கியிருக்க வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிடதா? நீ உள்ள கெடந்து 'யாரது'ன்னு கேட்டே. கேட்டது நீயா அவளான்னு நான் என்னத்தக் கண்டேன்? குளுமையா இருக்கட்டும்னு எளநிய வச்சேன், கும்பிட்டேன், சொல்லிக்கிடாம வந்துட்டேன்."

காலேஜில் இன்புளுவென்சா என்று ஊரெல்லாம் பேச்சாயிற்றே என்றேன்.

"அது சர்க்கார் வைக்கிற பேரு, கேட்டியா? அம்மைன்னு சொன்னா சனம் மெரண்டிரும்லா" என்றார் அண்ணாச்சி, என்னைக் குழந்தையாகப் பாவித்து.

அப்போதுதான் கவனித்தேன். சமையல் வேளை, ஆனால் அந்த வீட்டில் தாளிக்கிற மணமே இல்லை. மதினி எண்ணெய் காணாத தலையோடு உள்ளேயிருந்து வந்தாள். என் பொருட்டு வீட்டில் கடுகு பொரிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருக்கிறாள். "ஒங்க அம்மா இங்கன இருந்தா அவுக வெரதம் இருப்பாக தம்பி. இல்லாததுக்கு நாந்தானே இருக்கணும்" என்றாள். முற்றத்தில் ஓர் அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. மழைக்கு இடையில் எட்டிப் பார்த்த வெயிலுக்கெல்லாம் அதை நகர்த்தி நகர்த்தி வைத்துச் சூடேற்றியிருந்தாள், நான் வந்தால் தலைக்கு ஊற்ற.

இது அம்மை இல்லை மதினி, வேப்பிலை என் கோணல் யோசனை என்று சொல்ல வாய் எடுத்தவன், சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். மதினி என் உச்சியில் கை வைத்து, "தாயே, குளுந்துபோ" என்று சொல்லி ஊற்றினாள். கண்ணில் வழிந்தது மஞ்சள் தண்ணீர் மட்டும் இல்லை. நல்லவேளை, அவளுக்கு அது தெரியவில்லை.

ஈரத் தலையோடு விடுதிக்குத் திரும்பினேன். பரமு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஐயோ சார், இது என்ன வேலை? நெஞ்சில நீர் இறங்கினா பின்னே ஆரு நோக்கும்?" என்று படியிலேயே உட்கார வைத்தார். தம் தோளில் கிடந்த துவர்த்தை, அதுதான் இந்த ஊர்த் துண்டு, எடுத்து தலையை முரட்டுத்தனமாகத் துவட்டினார். பிறகு, சளி பிடிக்காமல் இருக்க இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வைத்திருக்கிற ராஸ்னாதிப் பொடியைக் கொண்டுவந்து, மதினி கை வைத்த அதே உச்சியில் பரபரவென்று தேய்த்தார். அம்மைத் தண்ணீர் ஊற்றிய தலையைத் துவட்டித் தேய்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஈரத் தலையை அப்படியே விடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நான் இருவருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையைக் கொடுத்தேன். "எவிடெ போயிருந்நு?" என்று கேட்டார். வீட்டுக்கு என்று சொன்னேன். "சாரின்றெ வீடு திருநெல்வேலியில் அல்லே?" என்றார். துவர்த்தைப் பிழிந்து கொடியில் போட்டார். அதன் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. பிறகு எத்தனையோ முறை வெளுத்தும் அது போகவில்லை என்று பரமு என்னைக் கண்டபோதெல்லாம் திட்டினார். ஆனாலும் அந்தத் துவர்த்தைத்தான் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்.