எலிக்குள் இருந்த ஏற்பி

நானுஓயா ரயிலில் எதிரே இருந்தவர் ஆராய்ச்சியாளர். எதற்குப் பதில் சொன்னாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். எலிக்கே தெரியாமல் அதன் உயிரணுச் சவ்வில் இருந்த ஏற்பி என்ற ஒரு புரதத்தின் மரபணுவைப் படியெடுத்தாராம். மூளை, மண்ணீரல், சிறுநீரகம் எங்கும் அந்த ஏற்பி இருக்கிறதாம். அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. எலிக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

"அது என்ன வேலைங்க செய்யுது?" என்றார் பக்கத்திலிருந்த, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா.

துடைத்தார். "தெரியலைங்கக்கா. எது வந்து தொட்டா வேலை செய்யும்னு தேடுறோம்."

"எங்க தோட்டத்துல வேலைய மேற்பாக்குற கண்டாக்கையாவும் அப்படித்தாங்க. எல்லா மலையிலயும் நிப்பாரு. தொரை வந்தாத்தான் வேலை செய்வாரு."

பெட்டியே சிரித்தது.

"ஒங்களுக்குத் தொரை யாருன்னாவது தெரியுமேக்கா. நாங்க பத்து வருஷமா தேடுறோம்."

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.